ஏறி இறங்க வேண்டியது கம்பிதான்

எங்கள் காலை நடைக்குழுவின் வாட்ஸ்அப்பில் மாதம் இரண்டு தடவையாவது அந்தப் படம் வந்துவிடுகிறது. ஒரு மண் அடுப்பு. அதன்மேல் கரி பிடித்த பானை. முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி. படத்துக்குக் கீழே, "இந்த ருசி கேஸ் அடுப்பில் வருமா?" என்று ஒரு கேள்வி. உடனே கைகூப்பல்களும் கண்ணீர்த் துளிகளும் வரிசைகட்டி வரும். போடுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள், அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். இவர்களில் யாராவது ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஊதுகுழலை வாயில் வைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். நான் வைத்ததில்லை. அதை ஒளிக்கப் போவதும் இல்லை. எங்கள் வீட்டில் ஊதினது அம்மாவும் அக்காவும்தான்.

இதை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், போன மாதம் அந்தக் குழுவோடு எனக்கு ஒரு சண்டை. நாகர்கோவில் வெயிலில், டீக்கடை வாசலில், எழுபது வயதுக்காரர்கள் போடுகிற சண்டைதான். ஆனாலும் சண்டை.

விஷயம் இதுதான். மே மாத லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டுப் புறவாசலில், திறந்த நெருப்பில் மீன் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்கு ஓர் அடுப்பு செய்யப் போகிறேன், கம்பித்தட்டு மேலும் கீழும் ஏறி இறங்குகிற மாதிரி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"என்ன வே, மூணு கல்லை வச்சு மேல கம்பியப் போட்டா தீந்துது. அதுக்கு லிஃப்ட் வேற வைக்கணுமா?" என்றார் ஒருவர். "நம்ம அம்மைமாரு லிஃப்ட் வச்சா சமைச்சாங்க?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவதாகச் சொன்னவருக்கு அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்போது பதில் சொல்கிறேன். லிஃப்ட் இருந்தது ஐயா. அம்மாவின் முதுகுதான் அந்த லிஃப்ட்.

பழைய அடுக்களையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். தரையோடு தரையாக அடுப்பு. பானைக்கும் நெருப்புக்கும் உள்ள தூரம் அடுப்பு பூசிய அன்றைக்கே முடிவாகிவிட்டது. பானை இறங்காது, ஏறாது. அப்படியானால் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரே வழி, நெருப்பையே மாற்றுவது. உலை கொதிக்கும்வரை இரண்டு கொள்ளியை உள்ளே தள்ள வேண்டும். கொதி வந்ததும் ஒன்றை வெளியே இழுக்க வேண்டும். வெளியே இழுத்த கொள்ளி சும்மா இருக்குமா? எரிகிற விறகைவிட அணைந்தும் அணையாமலும் கிடக்கிற விறகுதான் அதிகம் புகையும். அந்தப் புகை நேரே முகத்துக்கு வரும். தண்ணீர் தெளித்தால் இன்னும் புகை. திரும்பக் குழம்பு வைக்கிற நேரத்தில் அதே கொள்ளியை உள்ளே தள்ளி, குனிந்து, ஊதி, கண்ணைத் துடைத்து, மறுபடி ஊதி. ஒரு வேளைச் சமையலுக்கு எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்திருப்பாள்! எண்ணத் தோன்றாத வயதில் நான் பக்கத்தில் இருந்தேன். எண்ணத் தெரிந்த வயதில் வெளித்திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா 1946இல் கல்யாணமாகி அந்த அடுக்களைக்குள் வந்தாள். எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்தது 1981இல். முப்பத்தைந்து வருஷம். 1994இல் மூச்சுத்திணறல் என்று ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். குழல் வைத்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "அம்மாவுக்குப் பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த உடனே இருமல் வந்தது. இருமி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அப்புறம் டாக்டர், "எத்தனை வருஷம் விறகடுப்பு?" என்று கேட்டார். இந்தத் தடவை கேள்வி அம்மாவிடம். அவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். 1999இல் போய்ச் சேர்ந்தாள்.

வீட்டுக்குள் எரிகிற அடுப்புப் புகையால் 2020ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கில் வருகிறவர்களின் படத்தைத்தான் நாம் கைகூப்பலோடு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

"அப்படியானால் நெருப்பே வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தினசரிச் சமையலுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். விறகடுப்பு திரும்ப அடுக்களைக்குள் வருவதற்கு என் வீட்டில் அனுமதி கிடையாது. ஆனால் கங்கில் சுட்ட சாளைக்கு ஈடாக கேஸில் ஒன்றும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். வருஷத்தில் நாலைந்து நாள், வெட்டவெளியில், விருப்பப்பட்டவன் நின்று சுடுவதற்கு ஓர் அடுப்பு. அதைச் செய்வதென்றால் அம்மா உடம்பால் செய்ததை இரும்பு செய்யட்டும். இதுதான் என் கட்சி. இதை ஆடம்பரம் என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. அர்ஜென்டினாவில் மாட்டிறைச்சி சுடுகிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். பக்கத்தில் ஓர் இரும்புக் கூண்டில் விறகை எரியவிட்டு, கங்கு உதிர்ந்ததும் அதை மட்டும் தட்டுக்கு அடியில் வாரிப் போடுகிறார்கள். புகை எல்லாம் கூண்டிலேயே தீர்ந்துவிடுகிறது. தட்டை ஒரு சக்கரத்தைச் சுற்றி ஏற்றி இறக்குகிறார்கள். கலிஃபோர்னியாவில் சாந்தா மரியா என்ற ஊர்ப் பக்கமும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே சிவப்பு ஓக் விறகு. இரண்டு இடத்திலும் மாடு மேய்த்தவர்களின் சமையலிலிருந்து வந்த பழக்கம். ஆண்கள் நெருப்பிடம் நிற்க வேண்டி வந்த உடனே அடுப்பு இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது, கைப்பிடிச் சக்கரமும் வந்துவிட்டது என்று எனக்கு ஒரு கிண்டலான எண்ணம். நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

பெங்களூரில் இருக்கிற மகனிடம் சொன்னதும் அவன் ராத்திரியே இரண்டு அடுப்புகளின் படம் அனுப்பினான். முதலாவது பளபளவென்று ஒரு பெட்டி, மூடியோடு, உள்ளே கேஸ் குழாய், முன்னால் வரிசையாகத் திருகுகள். விலை முப்பத்தெட்டாயிரம். அடுக்களையில் இருக்கிற கேஸ் அடுப்பையே முற்றத்துக்குத் தூக்கி வந்து மூடி போட்டது அது. கேஸில் சுடுவதென்றால் நான் உள்ளேயே சுடுவேனே அப்பா! இரண்டாவது திறந்த நெருப்பு அடுப்புதான். தட்டின் உயரத்தை மாற்றலாம் என்றும் போட்டிருந்தது. எப்படி மாற்றுவது என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கத் தூண்களிலும் வெட்டு வெட்டாகக் காடி. தட்டை இரண்டு கையாலும் தூக்கி அடுத்த காடியில் மாட்ட வேண்டும். எப்போது மாட்டுவது? கொழுப்பு சொட்டித் தீ எழும்புகிறபோதுதானே ஏற்ற வேண்டும்! அப்போது பழுத்த தட்டை, மீனோடு சேர்த்து யார் தூக்குவது? படம் எடுத்தவர் நெருப்பில்லாமல் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். உயரம் மாறுகிறதா என்று கேட்டால் போதாது, எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு கையால், நெருப்புக்கு மேல் நீட்டாமல் மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும்.

நம் ஊரில் கிரில் என்றால் ஜன்னல் கம்பிதானே. அதனால் நேரே கிரில் பட்டறைக்கே போனேன். பட்டறைக்காரர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் என்னிடம் படித்தவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. சாக்பீஸால் தரையில் படம் போட்டேன். நெருப்புத்தொட்டியின் அடி தரையிலிருந்து 75 சென்டிமீட்டர், குனிய வேண்டாம். தட்டு கங்கிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை இறங்க வேண்டும், 45 வரை ஏற வேண்டும். ஓரத்தில் விறகு எரிய ஒரு கூண்டு. மூன்று பக்கமும் காற்றுத் தடுப்பு. ஜூன் பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டைத் தூக்க மேலே ஒரு தண்டு, இரு முனையிலும் சங்கிலி சுற்றும் உருளை, வலது கைப்பக்கம் சக்கரம்.

"தட்டுக்கு இது போதும் சார், மிச்சம் கிடக்கு" என்று அவர் ஒரு ஜி.ஐ. வலையை இழுத்துப் போட்டார். எனக்குப் பழைய வாத்தியார் குரல் வந்துவிட்டது. ஜி.ஐ. மேல் பூசியிருப்பது துத்தநாகம். அது உருகுவது 420 டிகிரி பக்கத்தில். எரியும் கரியின் சூடு அதைத் தாண்டிப் போகும். ஜி.ஐ. குழாயை வெல்டு வைக்கிறவர்களுக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வருவது எதனால் என்று அவருக்கே தெரியும். அந்தப் பூச்சின்மேல் பேரனுக்கு மீன் சுடுவதா? வெள்ளிப் பெயின்டும் தட்டில் வேண்டாம் என்றேன். வெறும் இரும்புக் கம்பி, 10 மில்லிமீட்டர், வழவழப்பானது. கட்டட வேலைக்கு வாங்குகிற முறுக்குக் கம்பி ஆகாது, அதன் பள்ளத்தில் அழுக்கு அடைந்துகொள்ளும். தோசைக்கல் பழக்குகிற மாதிரி எண்ணெய் தடவிச் சூடாக்கினால் துருவும் பிடிக்காது, மீனும் ஒட்டாது. எவர்சில்வர் கம்பி போடலாம்தான், காசு இருக்கிறவர்கள் போடட்டும்.

அப்புறம் எடை. விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகு என்று முப்பத்தாறு வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். 10 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 617 கிராம். 60க்கு 45 சென்டிமீட்டர் தட்டுக்கு 27 கம்பி, சுற்றிலும் ஆங்கிள் சட்டம். எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோ வந்தது. பத்துக் கிலோ இரும்பு நெருப்புக்கு மேல் தொங்கப் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது எது?

இந்த இடத்தில்தான் சண்டை வந்தது, நடைக்குழுவோடு இல்லை, பட்டறைக்காரரோடு. சக்கரத்தில் ஒரு துளை, தூணில் ஒரு துளை, இரண்டையும் சேர்த்து ஒரு ஆணி செருகினால் நின்றுவிடும் என்றார் அவர். "ஆணி செருகுவதற்கு முன்னால் கை வழுக்கினால்?" என்றேன். "வழுக்காது சார்" என்றார். வாத்தியாருக்கு மரியாதை கொடுத்து முதலில் ஆணி வைத்தே செய்து காட்டினார். பட்டறை வாசலில் சிரட்டைக் கரி போட்டு, தட்டின்மேல் இரண்டு செங்கல் வைத்து ஒத்திகை. அவரே சுற்றினார். வியர்த்த கை. ஆணி துளைக்கு நேராக வருமுன் சக்கரம் கையை விட்டுப் போய்விட்டது. தட்டு தொம்மென்று விழுந்தது, கங்கு நாலா பக்கமும் தெறித்தது. ஒன்று என் செருப்பின் வாரில் வந்து உட்கார்ந்து வாரை அறுத்தது. சுற்றி விட்ட சக்கரம் அவர் முழங்கையில் ஓர் அடி கொடுத்தது. பெரிய காயம் இல்லை. ஆனால் நான் நின்ற இடத்தில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு முகம் இருந்திருந்தால் என்று நினைத்தேன். மூத்த பேரனுக்கு ஏழு வயது. எதிலும் முகத்தை நீட்டிப் பார்க்கிறவன்.

கிணற்றுக் கப்பியில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புதிதில்லை. கையை விட்டால் வாளி போய்விடும், கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போகும். வாளி விழுவது தண்ணீரில். இது விழுவது நெருப்பில்.

பல்சக்கரமும் தடைக்கொக்கியும்தான் சரி என்று முடிவானது. ராட்செட் என்று பட்டறைகளில் சொல்வோமே, அது. ஏற்றும்போது கொக்கி பல்லுக்குப் பல் தானாகவே விழுந்துகொண்டே போகும். எந்த இடத்தில் கையை எடுத்தாலும் தட்டு அங்கேயே நிற்கும். இறக்கும்போது மட்டும் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொக்கியைத் தூக்க வேண்டும். கடையில் வாங்குகிறவர்களும் இதை மட்டுமாவது சோதித்துவிட்டு வாங்குங்கள். தட்டின்மேல் ஐந்தாறு கிலோ எடை வையுங்கள், பாதி உயரத்துக்கு ஏற்றுங்கள், தள்ளி நின்று கையை விடுங்கள். விழுந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். பளபளப்பையும் மூடியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உயரத்தால் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு: கரி போட்டு, கங்கானதும், தட்டின் மட்டத்தில் உள்ளங்கையை நீட்டி ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். மூன்றுக்குள் கையை இழுக்க வேண்டி வந்தால் கடும் சூடு. ஐந்து வரை தாங்கினால் நடுத்தரம். எட்டு வரை தாங்கினால் மிதம். அதே கங்கு, அதே நெருப்பு, தட்டை ஒன்றரைச் சாண் ஏற்றினால் மூன்று எட்டாகிவிடுகிறது. தூரம் இரட்டித்தால் சூடு கால்வாசியாகும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது சின்ன விளக்குக்குச் சரி, அகலமாகப் பரப்பிய கங்குக்கு அவ்வளவு வேகமாகக் குறையாது. அதனால்தான் ஏற்றத்துக்கு நிறைய இடம் விடச் சொன்னேன். சாளை கொழுப்பு மீன். சொட்டும், தீ எழும்பும், கரியும். அந்த நேரத்தில் மூணு கல் அடுப்பில் என்ன செய்வீர்கள்? தண்ணீர் தெளிப்பீர்கள், புகை கிளம்பும், "ஏளா, இங்க வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிடுவீர்கள்.

விறகைப் பற்றி ஒரு வார்த்தை. புளி, சவுக்கு, சிரட்டைக் கரி எல்லாம் நல்லது. பெயின்ட் அடித்த பழைய கதவுச் சட்டம், பிளைவுட், அரளி இவை மூன்றும் கிட்டவே வரக்கூடாது. தென்னைக்கு அடியில் வைக்காதீர்கள், காய்ந்த ஓலை மேலேயிருந்து தேடி வந்து விழும். மழை வந்துவிட்டது என்று கங்கோடு தொட்டியை வராந்தாவுக்குள் தள்ளாதீர்கள். புகை தெரியாவிட்டாலும் கரியிலிருந்து வருகிற விஷவாயு ஆளைக் கொல்லும்.

கூலியும் இரும்பும் சேர்த்து 11,400 ரூபாய் ஆனது. போன ஞாயிற்றுக்கிழமை பற்ற வைத்தோம். மனைவி முன்பே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "மீன் கழுவுறதிலிருந்து சாம்பல் அள்ளுறது வரை நீங்கதான். எனக்கு ஒரு நாற்காலி போடுங்க, காத்துக்கு எதிர்ப்பக்கமா." போட்டேன். அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். அவளுக்கு வயது எழுபத்தெட்டு. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஏற்றினாள், இறக்கினாள். "ஊத வேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நம்பாமல் கொஞ்ச நேரம் கங்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து, "வால் கருகுது, ஏத்துடா" என்று அதட்டினாள். ஏற்றினேன். முதல் ஈட்டில் பாதி மீன் ஒட்டிக்கொண்டு வந்தது, கம்பி இன்னும் பழகவில்லை. மூன்றாவது ஈடு சரியாக வந்தது.

அடுப்பின் படத்தைக் குழுவில் போட்டேன். பாட்டி இல்லாத படம். கைகூப்பல் ஒன்றும் வரவில்லை. ஒருவர் மட்டும், "எங்களுக்கு எப்போ விருந்து?" என்று கேட்டார். லிஃப்ட் என்று சிரித்தவர்தான். எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் வரலாம், மீன் என் செலவு, சக்கரத்திடம் நிற்பது அவர் பொறுப்பு என்று எழுதியிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது. இன்னும் பதில் இல்லை.